ஏழு சுற்றுச் சுத்தம்

ஆகஸ்ட் 14, புதன்

இன்றைய தினத்தைப் பாளையங்கோட்டை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். கைவசம் பொன் இல்லாததால் நீல மைப் பேனாவால் பொறிக்கிறேன்.

அக்காள் உலகம்மையின் பேசும் பெட்டிக்குப் புதுப்பதிப்பு ஏற்றினேன். அது பெட்டி இல்லை, மடிக்கணினிதான். ஆனால் இரண்டு வருடமாக அவளுக்காக அதுதான் பேசுகிறது. ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுப்பதற்கு முந்தைய நான்கு நாட்களில், அவள் மகள் வடிவு அவளை உட்காரவைத்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டாள். திரையில் ஒரு பொத்தானைத் தொட்டால் அக்காள் குரலே வரும். 'காப்பி எங்கல?' வரும். 'வாசல்ல யாரு?' வரும். என்னைத் திட்டுவதற்கென்றே முப்பத்தாறு இருக்கின்றன. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பைதான் என்ற நிரல்மொழியில் வடிவு எழுதியது. இதுவரை இருந்தது மூன்று புள்ளி எட்டாம் பதிப்பு. அவள் ஹைதராபாத்திலிருந்து அனுப்பியிருக்கும் திருத்தத்துக்கு மூன்று புள்ளி பன்னிரண்டு வேண்டுமாம். அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிவப்பு பென் டிரைவைத் துடைத்து, புதுப்பதிப்பை அதில் கொண்டுபோய் நிறுவினேன். இருபத்தேழு நிமிடம். இமயத்தில் கொடி நட்டவனுக்குக்கூட இவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது. அக்காள் பொத்தானைத் தொட்டாள். 'நீ உருப்படுவியால?' என்று கணீரென்று வந்தது. வெற்றி.

போனில் வடிவு சொன்னாள்: "மாமா, பழைய பதிப்பு ஒரு ஓரமா கெடக்கும். அதத் தொட்டுராதிய. பத்து நாள்ல நான் வந்து பாத்து எடுக்கேன்."

"ஏட்டி, டெலிபோன் எக்சேஞ்சில முப்பத்தோரு வருஷம் வயரோட வாழ்ந்தவன்ட்டயா சொல்லுத?" என்றேன்.

குப்பையைப் பத்து நாள் வீட்டில் வைத்திருக்க நான் என்ன நகராட்சியா?

ஆகஸ்ட் 15, வியாழன்

தேசம் கொடியேற்றிக்கொண்டிருந்த வேளையில் நான் அக்காள் வீட்டுக் கூடத்தில் மூன்று புள்ளி எட்டை வெளியேற்றினேன். பழைய பதிப்பு என்பது காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரன் மாதிரி. ஆள் போயிருப்பான், ஓட்டை வாளி, பழைய செருப்பு, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கேயே கிடக்கும். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொரு கோப்புறை. எதையும் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. தளபதி எதிரிகளிடம் பெயர் விசாரிப்பதில்லை.

வெறுமனே அழித்தால் மிச்சம் தங்கும் என்பார்கள். அதற்கென்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். அழித்த இடத்தின் மேல் ஏழு சுற்று எழுதி எழுதித் துடைக்கும். ஏழாவது சுற்று முடிந்தபோது அந்த வட்டு புதுமணப்பெண் கழுவிய பாத்திரம்போல மின்னியது.

அதே நாள், மாலை.

பெட்டி பேசவில்லை. அக்காள் காப்பிப் பொத்தானைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். 'ஸ்பீக்கர் போயிட்டு யக்கா' என்று சொல்லிப் பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஸ்பீக்கர்தான். வேறென்ன இருக்கப்போகிறது. ஈரக்காற்று.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஸ்பீக்கர் இல்லை.

வடிவு எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். பதினேழாவது வரியில் அம்மாவின் குரல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். மூன்று புள்ளி எட்டின் கோப்புறைக்குள், அதன் நூலகத்துக்குள், 'அம்மா' என்ற பெயரில். நேற்றுமுன்தினம் புதுப்பதிப்பு வந்த பிறகும் பெட்டி பேசியதற்குக் காரணம் அதுதான். புதியவன் வந்து உட்கார்ந்தாலும் குரலைப் பழையவன் வீட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறான். நான் அந்த வீட்டை இடித்தேன். ஏழு சுற்று.

மொழியை நிறுவிய இடத்துக்குள் யாராவது சொந்த சாமானை வைப்பார்களா என்று அரை மணி நேரம் அவளைத் திட்டினேன். திட்டி முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

மதியம் அவளே கூப்பிட்டாள்.

"பெட்டி எப்படி ஓடுது மாமா?"

"சிங்கம் மாதிரி."

"அம்மா குரலை ஒரு காப்பி எடுத்து ஒங்கட்ட குடுத்தம்லா, செவப்பு பென் டிரைவ். அது பத்திரமா இருக்கா?"

"பீரோ லாக்கர்ல இருக்கு தாயி."

சாவி என்னிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். பொய் சொல்லும்போது நான் எப்போதும் ஒரு விவரம் கூடுதலாகச் சொல்வேன்.

ஆகஸ்ட் 17, சனி

முருகன்குறிச்சிப் பக்கம் அருள்தாஸ் என்று ஒருவர். அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தருபவர். மூழ்கிய கப்பலிலிருந்து கல்யாண ஆல்பம் எடுத்தவர் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு போனேன். மடிக்கணினியையும் சிவப்பு பென் டிரைவையும் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் அவர் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, ஒரு தடவ அழிச்சிருந்தா எலும்பாவது கெடச்சிருக்கும். நீங்க எரிச்சு, சாம்பலையும் ஆத்துல கரைச்சிட்டு வந்து ஆளக் கேக்கிய."

"பென் டிரைவுல?"

"அதத் துடைச்சு, மேல ஒரு லோடு ஏத்திருக்கிய. யாரு சார் இந்த வேலையப் பாத்தது?"

"எங்க ஆபீஸ்ல ஒரு மடையன்" என்றேன்.

"அவன் கையில இனிமே கால்குலேட்டர்கூடக் குடுத்துராதிய."

பென் டிரைவின் ஒரு மூலையில் ஒரே ஒரு துணுக்கு கிடைத்தது. மூன்று நொடி. பதிவு தொடங்குமுன் அக்காள் தொண்டையைச் செருமுகிறாள். பிறகு கரகரப்பாக, 'ஓடுதாட்டி?' என்று கேட்கிறாள். அவ்வளவுதான். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

அருள்தாஸ் அதை இரண்டாவது தடவை ஓட்டிக் காட்டினார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையில் தூசி அதிகம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இட்லி வேகவில்லை. வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

அக்காள் சிலேட்டோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கிய பள்ளிக்கூடச் சிலேட்டு. கழுத்துத் துளையை மறைக்கும் வெள்ளைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு எழுதினாள்: 'பெட்டி எங்க?'

"சர்வீஸ்ல யக்கா. புது ஸ்பீக்கர் சென்னைலேந்து வரணும். லாரி ஸ்ட்ரைக்."

'ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருமா?'

இந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியாக வேண்டும். ஐந்து நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி வடிவுக்கு நிச்சய தாம்பூலம். வள்ளியூர் மாப்பிள்ளை. தட்டு மாற்றுமுன் மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா என்று சபையில் கேட்பார். அத்தான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தாய்மாமன் நான் சொன்னால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்காள் ஒத்துக்கொள்ளவில்லை. 'அவன் சொன்னா பாதிப் பேரு நம்ப மாட்டாவ. எம் மவளுக்கு நான் சொல்லுவேன்' என்று எழுதிக் காட்டினாள்.

அந்தப் பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம் அதுதான். 'எம் மவ வடிவ ஒங்க வீட்டுக்குக் குடுக்க எனக்கு முழுச் சம்மதம்.' அன்றைக்கு மாப்பிள்ளையும் கிடையாது, பேச்சும் கிடையாது. மறுநாள் கத்தி வைக்கப் போகிறார்கள். வடிவு போதும்மா போதும்மா என்று அழ அழ, பதினோரு தடவை சொல்லிப் பார்த்து, பதினோராவதுதான் சரி என்று வைக்கச் சொன்னாள். இரண்டு வருடமாக அந்தப் பொத்தானை யாரும் தொட்டதில்லை. தொட அவள் விடவில்லை.

"வந்துரும் யக்கா" என்றேன். "வியாழக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று ஒரு ராஜாங்கத் தீர்மானம் நிறைவேற்றினேன். அழிந்த குரலை நானே செய்வேன்.

எனக்கு ஒரு கலை உண்டு. அக்காள் டிரங்க் எக்சேஞ்சில் ஆபரேட்டர், நான் அதே கட்டடத்தில் மெக்கானிக். மத்தியானம் அவள் சாப்பிடப் போனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் குரலிலேயே மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இணைப்புக் கொடுப்பேன். திருநெல்வேலி ஜில்லாவில் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு டெபுடி தாசில்தார், 'ஒங்க குரல் தேன் மாதிரி இருக்கு மேடம்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவள் குரல் கரகரத்துப்போனது என் வேலைக்கு இன்னும் வசதி.

மூன்று நொடித் துணுக்கைக் கேட்டுக்கேட்டுச் சுருதி பிடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பதிய ஆரம்பித்தேன். 'காப்பி எங்கல?' நான்காவது முயற்சியில் என் முதுகுத்தண்டே சிலிர்த்தது. பயத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம். எதிர் வீட்டு இசக்கியம்மாள். கையில் கறிவேப்பிலை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணாச்சி, அக்காவுக்குப் பேச்சு வந்துட்டா? இப்பம் கேட்டனே. எந்தச் சாமி கண்ணத் தெறந்துச்சு? எங்க, நான் பாக்கணும்!"

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அடுக்களை வரைக்கும் பார்த்தாள். யாருமில்லை.

"ரேடியோ" என்றேன்.

கறிவேப்பிலையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அழுததையும் அந்த ரேடியோப் பொய்யின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 21, புதன்

அவள் அடிக்கடி தொடும் அறுபது வாக்கியம் முடிந்தது. திட்டுகள் முப்பத்தாறும் அதில் அடக்கம். என்னை நானே அவள் குரலில் முப்பத்தாறு தடவை திட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாவதுதான் வரவில்லை. 'எம் மவ வடிவ' வரை அக்காளாக இருக்கிறேன். 'முழுச் சம்மதம்' என்ற இடத்தில் சங்கரபாண்டி, அதாவது நான், எட்டிப் பார்த்துவிடுகிறேன். பதினோரு தடவை, இருபத்திரண்டு, முப்பத்து மூன்று. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு, மறுபடி வெந்நீர். கடைசியில் கிடைத்ததை வைத்தேன். தூரத்திலிருந்து, கூட்டத்தின் நடுவில், மின்விசிறிச் சத்தத்தில், காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு அது அக்காளேதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பெட்டியை ஒப்படைத்தேன். யானை மேல் வைத்துக் கொண்டுபோகாத குறை.

அக்காள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'காப்பி எங்கல?' தொட்டாள். வந்தது. அவள் முகம் அசையவில்லை. மறுபடி தொட்டாள். தலையைச் சாய்த்து மூன்றாவது தடவை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒட்டடை அடிக்க வேண்டும்.

நானூற்றுப் பன்னிரண்டாம் பொத்தான் மேல் அவள் விரல் போனது. தொடவில்லை. திரும்பி வந்துவிட்டது.

சிலேட்டில், 'நல்லாருக்கு' என்று எழுதினாள். உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பு. பாவம், கல்யாண வேலையில் டப்பா மாறியிருக்கும். முழு டம்ளரையும் குடித்தேன். அவள் எதிரிலேயே நின்று, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆக, தந்திரம் பலித்தது. சந்தேகமே வரவில்லை அவளுக்கு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வடிவு வந்துவிட்டாள். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மா, புதுப்பதிப்புல ஒரு திட்டு திட்டு, கேப்போம்" என்றாள்.

அக்காள் பெட்டியை மூடி, அதன் மேல் வெற்றிலைக் கட்டை வைத்தாள். அதன் மேல் தேங்காய்க் கூடை. சிலேட்டில் எழுதினாள்: 'நல்ல காரியத்துக்கு எடுத்து வச்சிருக்கேன். அன்னைக்குத்தான் தொறக்கணும்.'

"இது என்னம்மா புதுச் சாஸ்திரம்?"

அக்காள் என்னைக் கை காட்டினாள். சாஸ்திரம் நான் சொன்னதாம். நான் தலையாட்டினேன். எதற்கு என் மேல் பழி போடுகிறாள் என்று விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் சொல்லிவிடுவது என்று போனேன். வாசலில் வடிவு பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தச் செவப்பு டிரைவ நாளைக்கு எடுத்துட்டு வாங்க. கல்யாணம் முடிஞ்சு அங்க போனாலும் அம்மா குரல் ஒரு காப்பி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "ராத்திரில சும்மா போட்டுக் கேப்பேன்."

'சரி தாயி' என்று சொல்லிவிட்டு வாழையிலை வாங்கப் போய்விட்டேன். ஏற்கெனவே வாங்கியாயிற்று. இரண்டாவது கட்டும் வாங்கினேன்.

ஊரில் முன்பெல்லாம் வெள்ளம் வரும், ரயில் கவிழும், மண்டபத்தின் கூரை பெயரும். நாளைக்கு எதுவும் நடக்காதாம். வானிலை நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நிதானமாக எழுத முயல்கிறேன்.

சிறிய மண்டபம், நூறு பேர். மாப்பிள்ளையின் அப்பா நம்பிராஜன் நல்ல மனிதர். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்து, அக்காள் பக்கம் திரும்பி, "மயினி, பொண்ணக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதந்தான?" என்று கேட்டார். பெட்டி பேசப்போவதைப் பார்க்கக் குழந்தைகள்கூட முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வடிவு தானே பெட்டியைத் திறந்து அம்மா மடியில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டைத் திரையில் எடுத்தும் கொடுத்தாள்.

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். மின்விசிறியை வேகமாக வைத்திருந்தேன்.

அக்காள் திரையைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள். மூடிக் கீழே வைத்தாள். எழுந்து நேரே தூணுக்கு வந்து என் காதைப் பிடித்தாள். ஐம்பத்தெட்டு வயது ஆண்மகனின் காதை, சம்பந்தி வீட்டார் முன்னிலையில். இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்தினாள். யாரோ சிரித்தார்கள்.

பிறகு நம்பிராஜனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

சத்தம் வராது. உதடு மட்டும் அசையும். அசைந்த உதடு, 'எம் மவ' என்றது. நின்றது. அக்காள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நான் முட்டாள் இல்லை.

"எம் மவ" என்றேன், அவள் குரலில். சபையில் ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரவில்லை. "வடிவ." அவள் உதடு முன்னே, நான் பின்னே. "ஒங்க வீட்டுக்குக் குடுக்க." பாதி வழியிலேயே இரண்டும் ஒன்றாகிவிட்டன. பார்த்தவர்களுக்கு அவளே பேசுவதுபோல் இருந்தது என்று இசக்கியம்மாள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. என் கண் வேறு வேலையில் இருந்தது. "எனக்கு முழு…"

அங்கே உடைந்துவிட்டேன். புதன்கிழமை பூட்டிய அறைக்குள் முப்பத்து மூன்று தடவை உடைந்த அதே இடம். அக்காள் வாயை மூடவில்லை. திறந்த வாயோடு, அவசரமே இல்லாமல், எனக்காகக் காத்திருந்தாள். கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நூறு பேர் காத்திருந்தார்கள்.

"…ச் சம்மதம்" என்றேன். என்றாள்.

தட்டு மாறியது.

வடிவு அம்மாவைப் பார்த்தாள். கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். நிரல் எழுதுகிறவளுக்கு மூன்று பார்வை போதும்.

பந்திக்குப் பிறகு, பாத்திரங்கள் கழுவும் இடத்தில் பிடித்துவிட்டாள். "மாமா. மூணு புள்ளி எட்ட எடுத்துட்டியளா?"

சொன்னேன். ஏழு சுற்றையும் சொன்னேன், சிவப்பு டிரைவையும் சொன்னேன். ஜோடனை எதுவும் இல்லாமல் சொன்னேன். அவள் குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள்.

"அங்க கொண்டு யாரும் வைக்க மாட்டாவ மாமா" என்றாள் கடைசியில். "விடிஞ்சா ஆபரேஷன். நிரல் எந்த இடத்துல தேடுதுன்னு எனக்குப் புடிபடல. எங்க வச்சா ஓடுதோ அங்க வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொறவு மாத்தலாம்னு நெனச்சேன். ரெண்டு வருசமா மாத்தல. ஓடுறதத் தொடப் பயம்."

மூன்று நொடித் துணுக்கை அவள் போனுக்கு அனுப்பினேன். காதில் வைத்துக் கேட்டாள். செருமல். 'ஓடுதாட்டி?'

"ஓடுதும்மா" என்று போனிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மண்டபத்தில் ஒரு கட்டு வாழையிலை மிஞ்சிவிட்டது. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான் கடைக்காரன்.

காலையில் அக்காள் வீட்டுக்குப் போனேன். வடிவு இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் காப்பி கொடுத்தாள். சர்க்கரைதான். போட்டதும் அவள்தான்.

"எப்பம் யக்கா ஒனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

சிலேட்டு நிறைய எழுதினாள். 'நீ என் சீட்ல உக்காந்து பேசினதுக்கு வந்த புகாரெல்லாம் நான்தானல வாங்கினேன். மொத காப்பியிலேயே தெரியும்.'

நான் அழிக்கக் கை நீட்டினேன். சிலேட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தானே துடைத்தாள். ஒரே ஒரு தடவை, முந்தானையால். புதிதாக எழுதினாள்:

'இனிமே அந்தப் பெட்டியில கை வச்சே, விரல ஒடிச்சிருவேன்.'

அதையும் துடைத்தாள்.

'நாளைக்குப் பத்து மணிக்கு வா. பால்காரன்ட்டச் சண்ட போடணும்.'